கோவொர்க்கிங் சமூகத்துக்குப் பொது இணையதளம்: கூட்டுநிதி திரட்டுவது எப்படி?

நாலைந்து கோவொர்க்கிங் இடங்களை (பல பேர் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் பொது அலுவலகங்களை) நடத்துபவர்கள் சேர்ந்து உட்கார்ந்து “நமக்கென்று ஒரு பொதுத் தளம் வேண்டும்” என்று பேசினால், அன்று இரவே யாராவது ஒருவர் தன் சொந்தக் கார்டில் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கிவிடுவார். ஆர்வம்தான். ஆனால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அந்த இரவில்தான் தொடங்குகிறது. தளம் யார் பெயரில் இருக்கும், சேரும் பணம் யார் கணக்கில் நிற்கும், மூன்றாம் ஆண்டு ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சேவையகத்தின் வாடகை) பில்லை யார் கட்டுவார்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் உண்டியலைத் திறக்காதீர்கள்.

முதல் பேச்சிலிருந்து தளம் வெளியாகும் வரை ஆறு மாதம் பிடிக்கும். எல்லையும் பொறுப்பும் முடிவாக 4 வாரம், தாள்களும் முன்சம்மதமும் (பணம் தருவதாக முன்கூட்டியே பெறும் வாக்குறுதி) திரட்ட 6 வாரம், திரட்டல் 30 நாள், பணம் கைக்கு வர 2 முதல் 3 வாரம், தளம் கட்ட 8 வாரம். இதைச் சுருக்க முயன்றால் பெரும்பாலும் அடிபடுவது முன்சம்மத வாரங்கள்தான். அங்கே மட்டும் கை வைக்காதீர்கள்.

1. ஒரே பக்கத்தில் எல்லை போடுங்கள்

தளம் முதல் ஆண்டில் செய்யப்போகும் வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மூன்று போதும்: இடங்களின் பட்டியலும் வரைபடமும், ஓர் இடத்தின் உறுப்பினர் இன்னொரு இடத்தில் விருந்தினராக உட்கார்ந்து வேலை செய்யும் ஏற்பாடு (கோவொர்க்கிங் விசா என்று சொல்வது இதைத்தான்), புதிதாக இடம் தொடங்குபவர்களுக்கான கையேடு.

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், செய்யப்போவதில்லை என்ற பட்டியலும் வேண்டும். அதில் முதல் வரி இருக்கை முன்பதிவாக இருக்கட்டும். எல்லாரும் கேட்பது அதைத்தான், திட்டத்தைக் கவிழ்ப்பதும் அதுதான். ஒவ்வோர் இடமும் ஏற்கெனவே ஏதோ ஒரு மென்பொருளில் இருக்கைகளையும் கூட்ட அறைகளையும் பதிவு செய்துகொண்டிருக்கும். உங்கள் தளத்தின் நாட்காட்டியும் அவர்களுடையதும் பத்து நிமிடம் பிந்தி ஒத்திசைந்தாலே ஒரே அறைக்கு இரண்டு குழு வந்து நிற்கும். பழி பொதுத் தளத்தின் மேல் விழும். முன்பதிவுக்கு அந்தந்த இடத்தின் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

2. பணத்தையும் பெயரையும் யார் வைத்திருப்பது

வழி மூன்று. உறுப்பு இடங்களில் ஒன்றின் நிறுவனமே பணத்தை வாங்கி வைத்திருக்கலாம். இது வேகமானது. ஆனால் அந்த இடம் மூடப்பட்டாலோ விற்கப்பட்டாலோ பணமும் டொமைனும் அதன் சொத்துக் கணக்கில் போய்ச் சேரும். இரண்டாவது, புதிதாக ஒரு சங்கம் பதிவு செய்வது. சுத்தமான வழி, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்பு உங்களுக்காகப் பணத்தை வைத்திருந்து, பில்லைக் காட்டும்போது பட்டுவாடா செய்வது. குழுக்கள் பணம் திரட்டிக் கணக்குக் காட்டும் ஓபன் கலெக்டிவ் தளத்தில் இப்படிப்பட்ட நிதிப் பொறுப்பு அமைப்புகள் இருக்கின்றன. வரவு செலவு எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் கிடக்கும் என்பது இதன் பெரிய பலம். கூலியாக வரவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். திறமூல மென்பொருள் (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) திட்டங்களுக்கான ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் எடுப்பது 10 சதவீதம்.

இருபதுக்கும் குறைவான இடங்கள் என்றால் மூன்றாவது வழியையே சொல்வோம். ஒரு நிபந்தனை உண்டு: அந்த அமைப்பே மூடினால் என்ன என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இது வீண் பயமில்லை. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குழுக்களின் பணத்தை வைத்திருந்த ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன், கலைக்கப்படுவதாக 2024 தொடக்கத்தில் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுக்கள் பணத்தைச் செலவழிக்கவோ வேறிடம் மாற்றவோ வேண்டியதாயிற்று. ஓபன் கலெக்டிவ் தளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பணத்தை வைத்திருந்த அமைப்பு மட்டும் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தனி ஆளின் சேமிப்புக் கணக்கில் மட்டும் பணம் வாங்கவே வாங்காதீர்கள். பல நாடுகளில் அது அந்த ஆளின் வருமானமாகவே எண்ணப்படும், வரியும் அவர் தலையில் விழும்.

3. எவ்வளவு கேட்பது

நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், கையில் வேண்டிய தொகையை 1000 அலகு என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரிக்கும் விதம்:

தளம் கட்டும் கூலி 400
டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல், வரைபடச் சேவை, மூன்று ஆண்டுக்கு 150
பராமரிப்புக் கூலி, மூன்று ஆண்டுக்கு 300
கைக்காப்பு (எதிர்பாராத செலவுக்கு) 150

கட்டுவதற்கு மட்டும் 400 கேட்டால் திரட்டல் சுலபமாக முடியும். பதினான்காம் மாதம் தளம் இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கமாட்டார். பணம் தந்த அதே ஆட்களிடம் பராமரிப்புக்கு என்று இரண்டாம் முறை கை நீட்டுவது முதல் முறையைவிட மிகக் கடினம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யாரும் உற்சாகமாகப் பணம் தருவதில்லை. மூன்று ஆண்டுச் செலவையும் இப்போதே சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது பிடித்தம். கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டுநிதித் தளங்கள் வெற்றி பெற்ற திரட்டலில் 5 சதவீதம் எடுக்கும். பணப் பரிமாற்றக் கட்டணம் இன்னும் 3 சதவீதம் அளவுக்குப் போகும். கார்டு மறுக்கப்பட்டு வராமலே போவதற்கு 2, வங்கி மாற்றத்துக்கும் நாணய மாற்றத்துக்கும் 2, கணக்கர் கூலிக்கு 3 என்று வைத்தால் மொத்தம் 15 சதவீதம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1000-உடன் 15 சதவீதம் கூட்டி 1150 என்று இலக்கு வைப்பார்கள். ஆனால் பிடித்தம் நடப்பது 1150-இல். 172.50 போய், மிஞ்சுவது 977.50. கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 1000 ÷ 0.85 = 1176. இலக்கை 1180 என்று வையுங்கள்.

சதவீதம் போக, ஒவ்வொரு பங்களிப்புக்கும் ஒரு நிலைக் கட்டணமும் இருக்கும். அது 0.3 அலகு என்றால், 20 அலகு தருபவரிடம் 1.5 சதவீதம்தான் போகிறது. 2 அலகு தருபவரிடம் 15 சதவீதம் போய்விடும். சிறு தொகைகளை ஒதுக்க வேண்டாம், ஆனால் அவற்றை நம்பி இலக்கைப் போடாதீர்கள்.

எங்கிருந்து வரும் என்பதையும் பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். நடுத்தர இடங்கள் 40, தலைக்கு 20 அலகு: 800. பெரிய இடங்கள் 8, தலைக்கு 35: 280. தனி உறுப்பினர்கள் 50 பேர், தலைக்கு 2: 100. ஆக 1180. பட்டியலைப் பார்த்தாலே விளங்கும், இந்தத் தளத்துக்குப் பணம் தரப்போகிறவர்கள் மேசையில் உட்காருபவர்கள் அல்லர், மேசையை வாடகைக்கு விடுபவர்கள். வேண்டுகோளை அவர்களுக்காக எழுதுங்கள். தொகையை இருக்கை எண்ணிக்கையை வைத்து அடுக்குங்கள். பன்னிரண்டு நாற்காலி போட்டவரும் இருநூறு போட்டவரும் ஒரே தொகை தர வேண்டும் என்றால் சின்னவர் விலகிவிடுவார்.

4. எந்த முறையில் திரட்டுவது

இலக்கை எட்டினால்தான் பணம் என்பது ஒரு முறை. வந்த வரைக்கும் எடுத்துக்கொள்வது இன்னொன்று. முதல் முறையில் பாதியில் நின்றால் யார் கார்டிலும் பணம் பிடிக்கப்படாது. பொதுத் தளத்துக்கு இதுவே நல்லது. 1180-க்குப் பதில் 500 வந்தால் தளம் கட்டவும் முடியாது, திருப்பித் தருவதற்குள் கட்டணமும் போயிருக்கும். பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு விழிப்பதைவிட ஒன்றும் வராமலிருப்பது மேல்.

ஆனால் ஒரு சிக்கல். கிக்ஸ்டார்ட்டர் மாதிரியான இடங்கள் ‘இன்ன பொருளை உருவாக்கித் தருகிறோம்’ என்ற முடிவுள்ள திட்டத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. தொடர் பராமரிப்புச் செலவு அங்கே பொருந்தாது. அதனால் கட்டும் செலவை இலக்கு வைத்த திரட்டலிலும், ஆண்டுச் செலவை மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தாவாக ஓபன் கலெக்டிவ் போன்ற இடத்திலும் பிரித்துப் போடலாம். பிரித்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் அறிவியுங்கள். எல்லாம் தெரிந்த முகங்கள்தான் என்றால் திரட்டல் தளமே வேண்டாம், நிதிப் பொறுப்பு அமைப்பு வழியாக நேரடி விலைப்பட்டியல் அனுப்பினாலே போதும். 5 சதவீதம் மிச்சம்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, பணம் பெறும் வங்கிக் கணக்கு இருக்கும் நாடு அந்தத் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பது. திட்டம் எல்லாம் எழுதி முடித்த பிறகு இதைப் பார்ப்பவர்கள் அதிகம். வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறத் தனி அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு. உங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலில், எல்லைப் பக்கம். அடுத்து, பொறுப்புக் கடிதம்: டொமைன் யார் பெயரில், பணம் எங்கே, கையெழுத்து யார் இருவர், ஒருவர் விலகினால் அடுத்தவர் யார், திட்டம் கலைந்தால் மிச்சம் எங்கே போகும். குறைந்தது ஐந்து இடங்கள் கையெழுத்திட வேண்டும். இரண்டு டெவலப்பர்களிடமிருந்து விலைப்புள்ளி வேண்டும். அதில் வடிவமைப்பு, நிரலாக்கம், தரவேற்றம், ஓராண்டுப் பராமரிப்பு நான்கும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஒரே மொத்தத் தொகை போட்ட தாளைத் திருப்பி அனுப்புங்கள். திரட்டல் தோற்றாலோ தளம் வெளிவராமல் போனாலோ பணம் என்னவாகும் என்ற திருப்பித் தரும் விதி, பொதுவில் வைக்கும்படி ஐந்து வரியில் போதும்.

கடைசியாக, அடையாளச் சரிபார்ப்பு. திரட்டல் தளத்தில் கணக்கு திறப்பவரின் பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர், வங்கிக் கணக்குப் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் பெயர்களுக்கு இது தலைவலி. ஒரு தாளில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. இயந்திரத்துக்கு இவர்கள் மூன்று ஆட்கள். சரிபார்ப்பில் சிக்கினால் ஒரு வாரமாவது போய்விடும். அறிவித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

6. தொடங்குமுன்: முன்சம்மதம்

திரட்டல் பக்கம் திறக்கும் அன்று காலையில் மீட்டர் பூஜ்யத்தில் நின்றால், பார்க்க வருகிறவர் “யாராவது போடட்டும், பிறகு பார்ப்போம்” என்று போய்விடுவார். இலக்கில் 30 சதவீதத்தை முதல் இரண்டு நாளில் காட்ட வேண்டும். 1180-இல் அது 354. தலைக்கு 20 அலகு தரும் 18 இடங்களின் வாக்குறுதி முன்கூட்டியே கையில் இருந்தால் 360 வந்துவிடும்.

அந்தப் பதினெட்டுக்கும் பொது மடல் அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரிடமும் போனில் பேசுங்கள், பதினைந்து நிமிடம். கேட்க வேண்டியது மூன்று: தொகை, நாள், நேரம். “ஆதரவு தருகிறோம்” என்பது வாக்குறுதி இல்லை. “செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் 20” என்பதுதான் வாக்குறுதி. நிறுவனமாகப் பணம் தருபவர்களுக்கு ரசீதில் என்ன பெயர் வேண்டும், உள்ளே யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெரிய இடங்களில் இருபது அலகுக்கும் இரண்டு கையெழுத்து தேவைப்படும்.

பதினெட்டு சேரவில்லையா? தேதியைத் தள்ளிப் போடுங்கள். வெட்கமே வேண்டாம்.

கைம்மாறு பற்றி ஒரு வார்த்தை. டிஷர்ட், குவளை எதுவும் வேண்டாம். அச்சும் தபாலும் வந்த பணத்தைத் தின்றுவிடும், அளவு கேட்டு மடல் எழுதியே ஒரு மாதம் போகும். ஆதரவாளர் பக்கத்தில் பெயர், உறுப்பு இடங்கள் தாமாகத் தரும் விருந்தினர் நாள்கள், இவை போதும். பட்டியலில் மேலே காட்டுகிறோம் என்று மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். பணம் கொடுத்தவர் முதலில் வரும் பட்டியலை அதன் பிறகு யாரும் பொதுத் தளமாக மதிக்கமாட்டார்கள். கைம்மாறு கொடுத்தாலே அது நன்கொடை இல்லை, விற்பனை என்று வரித்துறை எண்ணும் நாடுகளும் இருக்கின்றன.

7. அந்த முப்பது நாள்

கிக்ஸ்டார்ட்டரில் அதிகபட்சம் 60 நாள் வரை வைக்கலாம். 30 போதும், நீட்டினால் எல்லாரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். செவ்வாய் அல்லது புதன் காலையில் திறவுங்கள். முடிவு நாள் வார இறுதியிலோ விடுமுறையிலோ விழாமல் பாருங்கள், நிறுவனக் கார்டுக்குப் பொறுப்பானவர் அன்று இருக்கமாட்டார்.

எட்டாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை மீட்டர் அசையாது. பயப்படாதீர்கள். அந்த நாள்களில் மாதிரிப் பக்கம் ஒன்றைக் காட்டுங்கள்: உண்மையான ஓர் இடத்தின் விவரத்தோடு, வரைபடத்தில் ஊசியோடு. இன்னும் தராதவர்களிடம் பேச அது ஒரு காரணம் தரும். இலக்குத் தொகையைப் பாதியில் மாற்றலாம் என்று எண்ணி இறங்காதீர்கள்.

முடிந்த அன்றே பணம் வராது. கிக்ஸ்டார்ட்டரில் கார்டு மறுக்கப்பட்டவர்களுக்குச் சரிசெய்ய 7 நாள் அவகாசம் உண்டு. முடிந்து 14 நாள் கழித்துத்தான் பணம் வங்கிக்குக் கிளம்பும். டெவலப்பருக்கு முதல் தவணை தேதியை இதற்குப் பிறகு வையுங்கள்.

8. கட்டும்போது

தவணை 30, 30, 30, 10. ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதல் 30. பட்டியலும் வரைபடமும் சோதனை முகவரியில் ஓடினால் இரண்டாவது. தளம் வெளியானதும் மூன்றாவது. கடைசி 10 தளம் வெளியாகி முப்பது நாள் பிழையில்லாமல் ஓடிய பிறகு. நிரல் முதல் நாளிலிருந்தே குழுவின் களஞ்சியக் கணக்கில் (நிரலைச் சேமித்து வைக்கும் இணையக் கணக்கு) இருக்க வேண்டும். முடிந்ததும் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வரைபடத்தில் இரண்டு பொறி. எல்லாரும் சேர்ந்து உருவாக்கும் உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு இலவசம்தான், ஆனால் அதன் பெயரைப் படத்தின் மூலையில் காட்டியே ஆக வேண்டும். அவர்கள் நடத்தும் படச் சேவையகம் (வரைபடப் படங்களை அனுப்புவது) நன்கொடையில் ஓடுவது, நெரிசல் மிகுந்த தளங்களைத் தடுத்துவிடுவார்கள். தனிப் படச் சேவைக்குச் செலவில் இடம் வையுங்கள். மற்றொன்று, ஆயங்களின் (இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின்) வரிசை. இடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். வரைபடத்தைப் பக்கத்தில் காட்டும் லீஃப்லெட் நிரல் நூலகம் அட்சரேகையை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராமலே இடங்கள் எல்லாம் நடுக்கடலில் மிதக்கும். தரவேற்றும் முன் மூன்று இடங்களை மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வோர் இடத்தின் பதிவிலும் பெயர், முகவரி, ஆயம், திறக்கும் நேரம், சக்கர நாற்காலி வசதி, தொடர்பு எல்லாம் இருக்கும். இவற்றைவிட முக்கியமான கட்டம் ‘கடைசியாகச் சரிபார்த்த தேதி’. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த இடத்துக்குத் தானாக ஒரு மடல் போகட்டும், ஒரே சொடுக்கில் ‘எல்லாம் சரி’ சொல்லும்படி. முப்பது நாளில் பதில் இல்லை என்றால் பதிவில் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று காட்டுங்கள். ஓராண்டு ஆனால் மறைத்துவிடுங்கள். மூடிப்போன இடத்தின் வாசலில் பெட்டியோடு நிற்கும் ஒருவர் இரண்டாம் முறை உங்கள் தளத்துக்கு வரமாட்டார். இந்தத் தானியங்கி மடல்கள் குப்பைப் பெட்டியில் விழாமலிருக்க, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) மூன்றையும் டொமைன் அமைப்பில் சேர்த்தாயிற்றா என்று டெவலப்பரிடம் கேட்டு வாங்குங்கள்.

9. டொமைனும் சாவிகளும்

பதிவாளர் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் செத்துவிடும், புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கை வந்து சேராது. வெளி மின்னஞ்சல் ஒன்றைக் கொடுங்கள், கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும்.

டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றை ஒரே மூச்சில் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். திரட்டிய பணத்தில் குறைந்தது ஐந்தாண்டு கட்டிவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் என்று விட்டால், அதற்குள் கார்டு காலாவதியாகியிருக்கும். தவறினால் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதன் பின் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும். யாரோ ஒருவர் தன் கார்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், மாற்றக் குறியீடு (டொமைனை வேறு பதிவாளருக்கு மாற்றக் கேட்கும் ரகசியச் சொல்) வாங்கிக் குழுவின் கணக்குக்கு மாற்றுங்கள். வாங்கி 60 நாள் ஆகாத பெயரைப் பெரும்பாலும் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது, அட்டவணையில் அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழுக்கு (உலாவியில் தளத்தைப் பாதுகாப்பானது என்று காட்டுவது) காசு கேட்டால் கொடுக்காதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. ஆனால் அது 90 நாளுக்குத்தான், தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்க வேண்டும். காலாவதி எச்சரிக்கை மடல் அனுப்புவதை 2025-இல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆகவே தளம் விழுந்தால் மடல் அனுப்பும் கண்காணிப்புச் சேவை ஒன்றை இணைத்து, அந்த மடல் இருவருக்குப் போகும்படி வையுங்கள்.

கடைசித் தாள் சாவிப் பட்டியல்: பதிவாளர், ஹோஸ்டிங், களஞ்சியம், மின்னஞ்சல், படச் சேவை, திரட்டல் தளம், வங்கி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர், அடுத்த பில் தேதி, தொகை. கடவுச்சொற்களை இதில் எழுதாதீர்கள், அவை கடவுச்சொல் பெட்டக மென்பொருளில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர் ஏழு கணக்கிலும் தானாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். முதலாமவர் அன்று கையை வைக்கக் கூடாது.